நாற்காலிக்கு என்ன விலை?

காலைப் பலகாரத்துக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் நடுவே ஒரு வேளையைப் புகுத்தலாம் என்று எழுத்தில் வாதாடியவர் கை பெரிங்கர் என்ற ஆங்கிலேயர். 1895இல் ஒரு பத்திரிகைக் கட்டுரையில் அவர் ‘பிரஞ்ச்’ என்ற சொல்லை முன்வைத்தார். சனி இரவு கண்விழித்தவர்கள் ஞாயிறன்று தாமதமாக எழுந்து, நிதானமாகச் சாப்பிட்டு, நாலு பேருடன் சிரித்துப் பேசினால் வாரத்தின் அலுப்பெல்லாம் தீர்ந்துபோகும் என்பது அவர் கட்சி. தமிழர்களுக்கு இது பெரிய கண்டுபிடிப்பாகத் தோன்றாது. காலை பத்து மணிக்குள் குழம்பு, ரசம், மோர் என்று முழுச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு அலுவலகம் கிளம்பி, மாலை மூன்றரை மணிக்கு டிபன் சாப்பிட்ட தலைமுறை இன்னும் நினைவில் இருக்கிறது. ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. பத்து மணிச் சாப்பாடு அவசரத்தில் பிறந்தது. பெரிங்கரின் சாப்பாடு அவசரமே கூடாது என்பதற்காகப் பிறந்தது.

அந்த இரண்டாவது ரகச் சாப்பாட்டைத் தேடித்தான் இந்திய நகரங்கள் இப்போது வார இறுதியில் கிளம்புகின்றன. ஞாயிறு பதினொரு மணிக்கு மும்பையிலோ பெங்களூரிலோ தில்லியிலோ பெயர் பெற்ற எந்த உணவகத்தின் வாசலைப் பார்த்தாலும் ஒரு கூட்டம் நிற்கிறது. அவர்கள் வீட்டில் அரிசி தீர்ந்துவிடவில்லை. உள்ளே கிடைக்கும் தோசையோ ஆம்லெட்டோ வீட்டில் செய்ய முடியாத அதிசயமும் அல்ல. நாலு பேர் எதிரெதிரே உட்கார்ந்து பேச ஒரு மேஜை வேண்டும். காத்திருப்பது அதற்காகத்தான். உணவகம் விற்கும் பண்டங்களில் நாற்காலியும் ஒன்று. ஆனால் அதன் விலை மட்டும் பில்லில் தனியாக அச்சாவதில்லை.

நகரங்களில் இந்த நாற்காலி மூன்று விதமாகக் கிடைத்துவந்திருக்கிறது. முதல் வகை, மலிவு. ஆனால் சீக்கிரம் எழுந்துவிட வேண்டும். இதற்கு மாட்டுங்காவைவிட நல்ல உதாரணம் கிடையாது. பம்பாய்க்குப் பிழைப்புத் தேடிப் போன தென்னிந்தியர்கள் குடியேறிய இந்தப் பகுதியில், ரயில் நிலையத்தை ஒட்டி ஏ. ராம நாயக் 1942இல் தொடங்கிய உடுப்பி ஸ்ரீ கிருஷ்ணா போர்டிங்கில் இன்றும் வாழையிலைச் சாப்பாடு. கிங்ஸ் சர்க்கிள் பக்கம் போனால் கஃபே மெட்ராஸ். ஞாயிறு காலையில் அங்கே வாசலில் பெயரைக் கொடுத்துவிட்டு, ஒருவர் கூப்பிடும்வரை நடைபாதையில் காத்திருக்க வேண்டும். உள்ளே போனால் மேஜையின் மறுபாதியில் முன்பின் தெரியாத குடும்பம் உட்கார்ந்திருக்கலாம். அதைப் பற்றி யாரும் முகம் சுளிப்பதில்லை. இட்லி வருகிறது, காபி வருகிறது, பில்லும் வந்துவிடுகிறது. வெளியே காத்திருப்பவர்களின் கண்கள் முதுகில் படுவது தெரியும். யாரும் எழுந்திருக்கச் சொல்லாமலே எழுந்துவிடுகிறார்கள்.

இதன் கணக்கு எளிது. நாற்பது இருக்கைகள் கொண்ட ஒரு கடையை எடுத்துக்கொள்வோம். ஒருவர் இருபது நிமிடத்தில் சாப்பிட்டு எழுந்தால் மணிக்கு 120 பேருக்குப் பரிமாறலாம். அதே ஆசாமி ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்தால் மணிக்கு 27 பேருக்கு மேல் முடியாது. இட்லி மலிவாக இருக்க வேண்டுமென்றால் நாற்காலி ஓய்வெடுக்கக் கூடாது. உடுப்பி ஹோட்டல்காரர்கள் மூன்று தலைமுறையாக நடத்திவரும் பொருளாதாரம் இதுதான். பெங்களூரில் 1980களில் பரவிய ‘தர்ஷினி’க் கடைகள் இதை இன்னும் ஒரு படி மேலே கொண்டுபோயின. அவை நாற்காலியையே எடுத்துவிட்டன. மார்பளவு உயரத்தில் ஒரு பலகை. நின்றபடியே தோசை, நின்றபடியே காபி. விலை குறைந்தது, சுத்தமும் கூடியது. அரட்டை மட்டும் போய்விட்டது. பின்னாளில் அரசாங்கங்களும் இதே வழியைப் பிடித்துக்கொண்டன. 2013இல் சென்னையில் தொடங்கிய அம்மா உணவகத்திலும் 2017இல் பெங்களூரில் தொடங்கிய இந்திரா கேன்டீனிலும் ஏழையின் பசிக்கு வழி செய்யப்பட்டது. உட்கார்ந்து சாப்பிட வழி பெரும்பாலும் செய்யப்படவில்லை.

இரண்டாவது வகை இதற்கு நேர் எதிர். எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் உட்காரலாம். ஆனால் அதற்கான விலையைக் கொடுத்தாக வேண்டும். 1996இல் பெங்களூர் பிரிகேட் ரோட்டில் கஃபே காபி டேயின் முதல் கடை திறந்தபோது, இன்டர்நெட் பார்க்கவும் காபி குடிக்கவும் சேர்த்தே வசதி செய்திருந்தார்கள். மெத்தை நாற்காலியும் குளிர்சாதனமும் ‘எழுந்திரு’ என்று சொல்லாத சர்வரும் சேர்ந்து ஒரு காபியின் விலையைப் பல மடங்காக்கின. 2012இல் டாட்டாவுடன் கூட்டுச் சேர்ந்து ஸ்டார்பக்ஸ் மும்பை ஹார்னிமன் சர்க்கிளுக்கு வந்தது. ஒரு கோப்பை இருநூறு, முந்நூறு ரூபாய் என்பது பெரிய நகரங்களில் இன்று யாரையும் திடுக்கிட வைப்பதில்லை. காபிக்கொட்டைக்கா அவ்வளவு விலை? அந்தப் பணத்தில் பெரும்பகுதி இடத்துக்கான வாடகை. ஒரு மணி நேரத்துக்கு ஒரு சிறு அறையை வாடகைக்கு எடுத்த மாதிரி. காபி அதற்கு ரசீது. நட்சத்திர ஹோட்டல்களின் ஞாயிறு பிரஞ்சில் இதே சமாச்சாரம் இன்னும் ஆடம்பரமாக நடக்கிறது. தலைக்குச் சில ஆயிரம் ரூபாய் கொடுத்தால் மதியம் முழுவதும் சொந்தம். நடுத்தர ரக உணவகங்கள் சிலவற்றில் இப்போது அதற்கும் வரம்பு வந்துவிட்டது. மேஜை முன்பதிவு செய்யும்போதே ‘ஒன்றரை மணி நேரம்தான்’ என்று சொல்லிவிடுகிறார்கள்.

மூன்றாவது வகைதான் அபூர்வமானது. மலிவாகவும் உட்காரலாம், நிதானமாகவும் உட்காரலாம். இந்த அதிசயத்தை நடத்திக் காட்டியவை இரண்டு அமைப்புகள். ஒன்று பம்பாயின் இரானி கடைகள். மற்றொன்று இந்தியன் காபி ஹவுஸ்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் இரானின் யஸ்த், கெர்மான் பகுதிகளிலிருந்து வறுமைக்கும் மதத் துன்புறுத்தலுக்கும் தப்பி வந்த ஜொராஸ்டிரியர்கள் பம்பாயின் தெருமுனைகளில் டீக்கடை போட்டார்கள். முனைக்கடை ஆகாது என்று மற்ற வியாபாரிகள் ஒதுக்கிய இடங்கள் அவர்களுக்கு மலிவாகக் கிடைத்தன என்று ஒரு கதை உண்டு. பளிங்குப் பலகை மேஜை, வளைத்த மர நாற்காலி, சுவர் நிறையக் கண்ணாடி, கல்லாவில் முதலாளி. ஒரு சாயா, ஒரு பன் மஸ்கா. அதை வைத்துக்கொண்டு ஒரு மனிதர் செய்தித்தாளை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை படித்துவிடலாம். தோபி தலாவில் 1904 முதல் இருக்கும் கயானி இன்றும் அப்படித்தான் இயங்குகிறது. பல்லார்ட் எஸ்டேட்டில் 1923இல் தொடங்கிய பிரிட்டானியா மதியச் சாப்பாட்டுக் கடை. பெர்ரி புலாவுக்காக ஜனங்கள் வரிசையில் நிற்பார்கள். அதன் உரிமையாளர் பொமன் கோஹினூர் தொண்ணூறு வயதைத் தாண்டியும் மேஜை மேஜையாக வந்து, என்ன வேண்டும் என்று விசாரித்துக்கொண்டிருந்தார். 2019இல் 97 வயதில் காலமானார்.

இரானி முதலாளிகள் தர்மப் பிரபுக்களும் அல்லர். இதைச் செய்யாதே, அதைச் செய்யாதே என்று சுவரெல்லாம் அறிவிப்பு மாட்டுவது அவர்கள் வழக்கம். நிஸிம் எஸிகியல் அப்படி ஒரு அறிவிப்புப் பலகையையே கவிதையாக்கிவிட்டார். இருந்தும் மேஜை நிதானமாக இருக்க முடிந்ததற்குக் காரணம் சட்டத்தில் இருக்கிறது. 1947ஆம் ஆண்டு பம்பாய் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், 1940 செப்டம்பர் 1 அன்றைய வாடகையை அளவுகோலாக வைத்து, அதற்கு மேல் ஏற்றக் கூடாது என்றது. ஊரில் எல்லா விலையும் ஏறியபோது இரானி கடையின் வாடகை மட்டும் ஏறத்தாழ அசையாமல் நின்றது. டீ குடித்தவர் ஒரு மணி நேரம் எழுந்திருக்காவிட்டால் கடை மூழ்கிவிடாது. கட்டட உரிமையாளர்கள் அந்தச் சட்டத்தால் பட்ட பாடும், பராமரிப்பில்லாமல் கட்டடங்கள் பழுதடைந்ததும் வேறு கதை. வாசகர் ஒருவர் அரைக் கோப்பை டீயோடு அனுபவித்த நிம்மதிக்கு இன்னொருவர் பணம் கொடுத்துக்கொண்டிருந்தார் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

காபி ஹவுஸுக்கு வேறு வழி கிடைத்தது. காபி விற்பனையைப் பெருக்க அரசுத் தரப்பில் 1936இல் பம்பாய் சர்ச்கேட்டில் முதல் கடை திறக்கப்பட்டது. பிற்பாடு காபி வாரியத்தின் கைக்கு வந்து நாடெங்கும் பரவியது. 1950களின் நடுவில் வாரியம் கடைகளை மூட ஆரம்பித்ததும் ஊழியர்கள் தெருவில் நின்றார்கள். கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே. கோபாலன் அவர்களைத் திரட்டி, கூட்டுறவுச் சங்கங்கள் அமைத்துக் கடைகளைத் தாங்களே எடுத்து நடத்தச் செய்தார். 1957இல் பெங்களூரிலும் தில்லியிலும், 1958இல் திருச்சூரிலும் ஊழியர் சங்கங்கள் பொறுப்பேற்றன. விசிறித் தலைப்பாகை கட்டிய சர்வரே அந்தக் கடையின் பங்குதாரர். லாபம் குவிக்க வேண்டிய முதலாளி கிடையாது. கொல்கத்தா காலேஜ் ஸ்ட்ரீட் காபி ஹவுஸில் பால் சேர்க்காத காபிக்கு ‘இன்ஃப்யூஷன்’ என்று பெயர். அதில் ஒன்றை வாங்கிவைத்துக்கொண்டு பத்திரிகை தொடங்கியவர்களும் கட்சி பிரிந்தவர்களும் ஏராளம். அந்த மேஜை நண்பர்களைப் பற்றி மன்னா டே 1983இல் பாடிய பாட்டு வங்காளிகளுக்கு இன்றும் மனப்பாடம்.

நாலு பேர் உட்கார்ந்து பேசினால் என்ன நடக்கும் என்பதை ஆட்சியாளர்களும் அறிந்திருந்தார்கள். தில்லி கன்னாட் பிளேஸில் அரசியல்வாதிகளும் எழுத்தாளர்களும் கூடிய காபி ஹவுஸ் அவசரநிலைக் காலத்தில், 1976இல் இடிக்கப்பட்டது. காபிக்காக யாரும் கட்டடத்தை இடிப்பதில்லை. இடிபட்டது பேச்சுதான் என்று அந்த மேஜைக்காரர்கள் பிற்பாடு சொல்லிவந்தார்கள்.

ஆனால் பழைய மேஜைகளைப் பற்றி ஏக்கத்தோடு பேசும்போது ஒரு கேள்வி ஒளிந்துகொள்கிறது. அங்கே யார் உட்கார்ந்தார்கள்? பெங்களூரின் பெருமைக்குரிய எம்.டி.ஆர். 1924இல் தொடங்கியபோது அதன் பெயர் ‘பிராமின் காபி கிளப்’. தென்னிந்திய ரயில் நிலையச் சிற்றுண்டிச்சாலைகளில் பிராமணர்களுக்கும் மற்றவர்களுக்கும் தனித்தனி இடம் என்ற வழக்கம், பெரியாரும் அவர் இயக்கத்தாரும் விடாமல் எதிர்த்த பிறகு 1941இல்தான் ஒழிந்தது. அரசியல் சட்டத்தின் 15ஆம் பிரிவைப் படித்தால் இதன் தீவிரம் புரியும். மதம், இனம், சாதி, பால், பிறந்த இடம் காரணமாக எந்தக் குடிமகனுக்கும் மறுக்கக் கூடாத இடங்களின் பட்டியல் அதில் இருக்கிறது. கடைகள், உணவகங்கள், ஹோட்டல்கள் முதலில் வருகின்றன. அடுத்து கிணறு, குளம், படித்துறை, சாலை. தண்ணீருக்குப் பக்கத்திலேயே ஹோட்டல் மேஜையையும் வைத்திருக்கிறார்கள். 1955இல் வந்த தீண்டாமைக் குற்றச் சட்டம், உணவகத்தில் நுழையவிடாமல் தடுப்பதோடு, அங்குள்ள பாத்திரங்களைப் பயன்படுத்தவிடாமல் தடுப்பதையும் குற்றமாக்கியது. தனிக் குவளை வைத்த டீக்கடைகளைத் தெரிந்தவர்களுக்கு இந்த வரி ஏன் தேவைப்பட்டது என்று விளக்க வேண்டியதில்லை.

பெண்கள் விஷயத்தில் மேஜை இன்னும் மெதுவாகத்தான் திறந்தது. பழைய ஹோட்டல்களில் ‘ஃபேமிலி ரூம்’ என்று ஒரு தடுப்பறை இருக்கும். கணவனோடோ அப்பாவோடோ வந்த பெண் அங்கே போய்விட வேண்டும். தனியாக வந்த பெண்ணுக்கு எந்த அறை என்று பலகை எதுவும் சொல்லாது. ஷில்பா பட்கே, சமீரா கான், ஷில்பா ரானடே மூவரும் மும்பைப் பெண்களைப் பற்றி 2011இல் எழுதிய நூல் ‘வொய் லாய்ட்டர்?’. நகரத்தில் ஒரு பெண் எங்கே நின்றாலும் ஏதாவது வேலையாக நிற்பதுபோல் காட்டிக்கொள்ள வேண்டியிருக்கிறது. வேலையே இல்லாமல் சும்மா இருக்கும் உரிமையும் அவளுக்கு வேண்டும் என்பது அந்த நூலின் வாதம். புதிய காபிக் கடையின் கணக்கில் வரவு வைக்க வேண்டிய இடம் இதுதான். மதியம் இரண்டு மணிக்கு ஒரு பெண் தனியாகப் போய் உட்கார்ந்து, சாண்ட்விச் சாப்பிட்டு, புத்தகம் படித்துவிட்டு, யாருடைய பார்வைக்கும் பதில் சொல்லாமல் எழுந்துவர அங்கே முடிகிறது. இரானி கடையைப் பற்றி ஆண்கள் பெருமூச்சு விடும்போது, மனைவிகளுக்கும் மகள்களுக்கும் அதே அளவு பெருமூச்சு வருவதில்லை என்றால் அதற்குக் காரணம் இருக்கிறது.

ஆனால் அந்தக் கதவு காசு இருக்கும் பெண்ணுக்குத்தான் திறந்தது. ஞாயிறு மதியம் ஷாப்பிங் மால் உணவகங்களில் வழக்கமாகக் காணும் காட்சி ஒன்று உண்டு. கணவன், மனைவி, பாட்டி, இரண்டு குழந்தைகள் சாப்பிடுகிறார்கள். கைக்குழந்தையை வைத்துக்கொண்டு பதினாறு பதினேழு வயதுப் பெண் ஒருத்தி மேஜையின் ஓரத்தில், பெரும்பாலும் நின்றுகொண்டு, சில சமயம் தட்டு இல்லாமல் உட்கார்ந்துகொண்டு இருக்கிறாள். 2016இல் கொல்கத்தா பார்க் ஸ்ட்ரீட்டில் பேர்பெற்ற ஒரு உணவகத்துக்குத் தம் கார் ஓட்டுநரைச் சாப்பிட அழைத்துப்போன பெண்மணிக்கு இடம் மறுக்கப்பட்டது. ஓட்டுநரின் உடை சரியில்லை என்ற ரீதியில் சமாதானம் சொல்லப்பட்டது. ஊரே கொதித்தது. சாதியைச் சொல்லித் தடுத்தால் சட்டம் இருக்கிறது. உடையையும் தோற்றத்தையும் சொல்லித் தடுத்தால், ‘அனுமதிக்கும் உரிமை நிர்வாகத்துக்கே’ என்ற பலகை வாசலில் தயாராக இருக்கிறது.

இந்த நிலையில்தான் மூன்றாவது வகை மேஜைகள் ஒவ்வொன்றாகக் குறைந்துவருகின்றன. பெங்களூர் எம்.ஜி. ரோடு காபி ஹவுஸ் அரை நூற்றாண்டுக்குப் பிறகு 2009 ஏப்ரலில் அந்த இடத்தை விட்டது. சர்ச் ஸ்ட்ரீட்டில் வேறு இடம் பார்த்துத் தொடர்ந்து நடக்கிறது. மும்பை ஜஹாங்கீர் கலைக்கூடத்தில் 1964 முதல் ஓவியர்களுக்கும் எழுத்தாளர்களுக்கும் மதியச் சாப்பாடு போட்ட சமோவார், கலைக்கூடம் இடத்தைத் திரும்பக் கேட்டதால் 2015 மார்ச் 31இல் மூடப்பட்டது. இரானி கடைகள் ஒரு காலத்தில் நூற்றுக்கணக்கில் இருந்தன. இப்போது விரல் விட்டு எண்ணிவிடலாம். பிள்ளைகள் படித்து வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். முனைக்கடையை ஒரு துணிக்கடைக்கோ வங்கிக்கோ கொடுத்துவிட்டால், ஆயுள் முழுவதும் சாயா விற்றுச் சம்பாதிப்பதைவிட அதிகமாக ஒரே நாளில் கைக்கு வந்துவிடும். யார்மீதும் குற்றம் சொல்ல முடியாது.

ஆனால் இழப்பு யாருக்கு என்று கேட்கலாம். இளைஞர்களுக்கு மால் இருக்கிறது. வசதி படைத்தவர்களுக்குக் கிளப் இருக்கிறது. பசித்தவர்களுக்கு நின்று சாப்பிடும் கேன்டீன் இருக்கிறது. ஓய்வூதியத்தில் வாழும் பெரியவருக்கு, விடுதி அறையில் நாலு பேரோடு தங்கியிருக்கும் மாணவனுக்கு, ஒற்றை அறை வீட்டில் மாமியார் முன்னால் பேச முடியாததைத் தோழியிடம் பேச நினைக்கும் பெண்ணுக்கு எங்கே இடம்? வீடு சிறுத்துக்கொண்டே போகும் நகரத்தில் ஹோட்டல் மேஜை என்பது வீட்டின் கூடத்துக்குப் பதில். அந்தக் கூடமும் காசுக்கேற்றபடிதான் என்றால், இவர்கள் பேச வேண்டியதைப் பேசாமலே இருந்துவிடுவார்கள்.

இதற்கு வழியே இல்லை என்றும் சொல்ல முடியாது. கேரளத்தின் நகரங்களில் ஊழியர் சங்கங்களின் காபி ஹவுஸ்கள் இன்றும் கூட்டத்தோடு நடக்கின்றன. பீட்ரூட் மசாலா வைத்த கட்லெட்டும் தோசையும் சாப்பாடும் சாதாரண விலையில் கிடைக்கின்றன. மருத்துவமனை வளாகங்களிலும் பேருந்து நிலையங்களின் அருகிலும் அவற்றைப் பார்க்கலாம். நோயாளியோடு வந்தவரும் கல்லூரி மாணவியும் அரசு ஊழியரும் பக்கத்துப் பக்கத்து மேஜையில் உட்கார்கிறார்கள். இந்தக் கடைகளுக்கு யாரும் தானம் செய்யவில்லை. லாபத்தின் அளவைச் சங்கம் தீர்மானிக்கிறது, அவ்வளவுதான். மெட்ரோ நிலையமும் நூலகமும் கலைக்கூடமும் கட்டும் அரசாங்கம், அவற்றில் ஒரு மூலையைப் பெரிய கம்பெனிக்கு ஏலம் விடாமல் இப்படி ஒரு சங்கத்துக்கு நியாயமான வாடகைக்குக் கொடுக்கலாம். மலிவு உணவகம் திறக்கும் மாநகராட்சிகள், சோற்றின் விலையைக் கணக்கிடும்போது பத்து பெஞ்சுகளின் விலையையும் சேர்த்துக்கொள்ளலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கிலேயர் ஞாயிறு சாப்பாட்டைப் பரிந்துரைத்தது மனிதர்கள் பேசிக்கொள்ளட்டும் என்றுதான். நின்றுகொண்டு அவசரமாக விழுங்குபவர்களுக்கும் பேச விஷயம் இருக்கிறது. அவர்கள் கேட்பது சாம்பார் இன்னொரு கரண்டி அல்ல. உட்கார ஒரு இடம்.